குரலுக்கு ஒப்புதல்

ஜெசிந்தா ஒரு சிறிய விளம்பர நிறுவனம் நடத்திவந்தாள். அவளிடம் தொழில் கற்க வந்தவன் எழிலரசு. அவளைவிடச் சில வயதுதான் இளையவன், வீட்டின் முதல் பட்டதாரி. சோபா கடைக்காரர் தங்கமாரியப்பனைத் திருப்திப்படுத்தினால் அவனுக்கு வேலை நிரந்தரம் என்று பேச்சு.

அன்று காலை ஓடி வந்தான்.

"அக்கா, ரீல் ரெடி. இப்போ ட்ரெண்டிங்ல இருக்கற குரலைப் போட்டிருக்கேன்."

ஓடவிட்டுக் காட்டினான். தள்ளுபடி முடியப்போகிறது. கடையின் ஷட்டர் மெல்ல இறங்குகிறது. பின்னணியில் ஒரு பெண் அலறுகிறாள்: "ஐயோ, நிறுத்துங்கய்யா! நிறுத்துங்க!"

"யார் குரல்?"

"தெரியல அக்கா. பிரியாணிக் கடை, ஜிம், நகைக்கடை எல்லாரும் போட்டுட்டாங்க. நாளைக்குப் போட்டா பழசாயிடும்."

"கடை முதலாளி ஒப்புதல்?"

"உடனே கொடுத்துட்டார். கூடவே வாட்ஸ்அப்ல கைதட்டற பொம்மைங்க வேற அனுப்பினார்."

"குரல் கொடுத்தவங்க ஒப்புதல்?"

அந்த அலுவலகத்தில் அது வழக்கம். குரல் கொடுத்தவர் முடிந்த விளம்பரத்தைப் பார்த்து, "போட்டுக்கோங்க" என்று சொல்லாமல் எதுவும் வெளியே போகாது.

"ட்ரெண்டிங் குரலுக்குப் போய் யாரைக் கேக்கறது அக்கா? ஊரே போடுது. நாம மட்டும் ஏன் கேக்கணும்?"

"கேட்டுட்டு வந்து சொல்லு."

எரிச்சலோடு போய் ஒவ்வொரு ரீலாகத் தேடினான். நாய் ஆடியது. மாப்பிள்ளை வழுக்கி விழுந்தான். எல்லாவற்றிலும் அதே அலறல். கடைசியில் முதல் வீடியோ கிடைத்தது. வாய்க்கால் ஓரத்தில் ஒரு பொக்லைன் வீட்டுச் சுவரை இடிக்கிறது. அதன் முன்னால் கைகளை விரித்தபடி ஒரு பெண் நிற்கிறாள். பெயர் பவுனம்மாள். வீடியோ எடுத்த பக்கத்து வீட்டுக்காரர் அவளுடைய எண்ணைக் கொடுத்தார்.

மதியம் திரும்பி வந்தவன் உட்காரவில்லை.

"பேசினியா?"

"பேசினேன். எடுத்ததுமே, 'சார், மாத்து வீடு ஒதுக்கிட்டாங்களா'ன்னு கேட்டாங்க. தாலுகா ஆபீஸ்னு நினைச்சுட்டாங்க அக்கா. இல்லம்மா, சோபா விளம்பரம்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"'சோபாவா? அதை எங்க போடறது தம்பி?'ன்னாங்க. பள்ளிக்கூட வராண்டாவுல படுத்திருக்காங்களாம். அந்தக் குரலை வச்சு இங்க நகை விக்கறாங்க. நானும்..."

தொலைபேசி ஒலித்தது. தங்கமாரியப்பன். ஜெசிந்தா ஸ்பீக்கரில் போட்டு அவன் பக்கம் தள்ளினாள்.

"என்ன தம்பி, இன்னும் ஏத்தலையா? எதிர்க்கடைக்காரன் போட்டுட்டான்யா!"

எழிலரசு நடந்ததைச் சொன்னான். வீட்டை இடித்ததையும் பவுனம்மாள் கேட்டதையும் சொன்னான்.

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது.

"சோபாவை எங்க போடறதுன்னா கேட்டுச்சு அந்தம்மா? அடடா, சூப்பர் டயலாக்! அதை ரெக்கார்ட் பண்ணியா?"

"நீங்கல்லாம் மனுஷங்களா சார்? இந்த ரீல் வராது. போங்க!"

இணைப்பைத் துண்டித்தான். ஜெசிந்தாவைப் பார்த்தான்.

"அவர் இனி வரமாட்டார் அக்கா. என் வேலை போனாலும் பரவாயில்ல. நான் கேட்டது சரிதானே?"

"அவர்கிட்ட கேட்டதை விடு. வீடு ஒதுக்கிட்டாங்களான்னு அந்தம்மா உன்கிட்ட கேட்டாங்களே, அதுக்கு என்ன பதில் வச்சிருக்கே?"