எட்டுப் பதார்த்தமும் பேச்சியம்மாளும்

ஊத்துப்பட்டி ஜமீன்தாருக்கு, சமையல்காரி பேச்சியம்மாளை விரட்டிவிட்டுத் தன் மச்சானை அந்த வேலையில் வைக்க ஆசை.

"ஏ பேச்சி! இனி இலையில எட்டுப் பதார்த்தமும் தினம் புது வரிசையில வரணும். ஒரு வரிசை திரும்பி வந்தா உன் வேலை போச்சு" என்றார். எட்டுப் பதார்த்தத்துக்கு எட்டு வரிசைதான், எட்டு நாள்தான் தாங்குவாள் என்று நினைப்பு.

"திரும்பாத வரைக்கும் வேலை எனக்குத்தானே எசமான்?"

"ஆமா!" என்று பந்தியறிய வாக்குக் கொடுத்தார்.

ஒன்பதாம் நாள் சிரித்துக்கொண்டே இலைமுன் உட்கார்ந்தார். அவள் ஊறுகாயையும் பொரியலையும் மட்டும் இடம் மாற்றியிருந்தாள். அதுவும் புது வரிசைதான்! மாதம் ஒன்று போயிற்று. எதுவும் திரும்பவில்லை.

"எப்பதான்டி முடியும்?" என்று கத்தினார்.

"முதல் இடத்துக்கு எட்டு வழி, அடுத்ததுக்கு ஏழு, அப்புறம் ஆறுன்னு பெருக்கிப் பாத்தேன் எசமான். நாப்பதாயிரத்து முந்நூத்தி இருபது வரிசை வருது. நூத்திப்பத்து வருஷம் ஆகும். சமைக்க நான் தயார்; சாப்பிட நீங்க இருக்கணுமே!"

பந்தியே சிரித்தது. வேலைக்காக வந்து காத்திருந்த மச்சான் அன்றே ஊருக்கு வண்டி ஏறினான்.