ஆறு பல்லும் ஒரு கட்டைவிரலும்

"குழந்தை வாயையே திறக்காது. அப்புறம் ஈறு எங்கே, பரிசோதனை எங்கே?" என்றார் பேராசிரியர் சிதம்பரநாதன்.

ஈறு வைத்தியத்தில் முப்பது வருஷ அனுபவம். அந்தப் பல் மருத்துவக் கல்லூரியில் அவர் வாயைத் திறந்தால் வகுப்பு வாயை மூடிக்கொள்ளும். குழந்தைகளும் அப்படித்தான்.

குழந்தைகள் பிரிவில் விரிவுரையாளராக இருந்த ஜெபசெல்விக்கு அவர் மகள் வயது. குழந்தைகளின் ஈறைச் சோதிக்க எல்லா மாணவர்களுக்கும் ஒரு கட்டாய வகுப்பு வேண்டும் என்று அவள் எழுதிய விண்ணப்பம் அவர் கையில் இருந்தது. போன வருஷம் அதைச் சிவப்பு மையால் அடித்தவரும் அவர்தான். இந்த வருஷமும் அடித்துவிட்டால் அந்த வகுப்பு அதோடு சரி.

"ஒரே ஒரு குழந்தை சார். ஆறே ஆறு பல்லைத் தொட்டுப் பார்த்தாப் போதும். நீங்களே பாருங்க, அப்புறம் அடிங்க" என்றாள் ஜெபசெல்வி.

நாற்காலியில் ரஸ்மியா உட்கார்ந்திருந்தாள். ஏழு வயது. ஈறைத் தொட்டுப் பார்க்கும் மெல்லிய கம்பியை அவர் கையில் பார்த்ததுமே உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

சுற்றிலும் மாணவர்கள். பேராசிரியர் ஆ காட்டச் சொன்னார். அதட்டினார். கெஞ்சிக்கூடப் பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை.

"நான்தான் சொன்னேனே" என்று திரும்பினார். சொன்னது பலித்தும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

"அந்தக் கம்பியை உங்க கட்டைவிரல் நகத்துக்கடியில வச்சு அமுக்குங்க சார். வாயில எப்படி அமுக்குவீங்களோ, அதே மாதிரி" என்றாள் ஜெபசெல்வி.

அமுக்கினார்.

"ஸ்ஸ்!"

ஒரு மாணவன் இருமினான். சிரிப்பை மறைக்கிற இருமல்.

"நகம் வெளுக்கணும் சார். ஆனா வலிக்கக் கூடாது."

மறுபடி அமுக்கினார். மறுபடி வலித்தது. முப்பது வருஷமாகப் பழகிய கை, சொன்னால் கேட்குமா?

"கொடுங்க, நான் செய்றேன்."

ரஸ்மியா அன்று வாய் திறந்து சொன்ன முதல் பேச்சு அது.

அவருடைய தடித்த விரலை மடியில் வைத்துக்கொண்டு, நாக்கைத் துருத்தியபடி அமுக்கினாள். நகம் வெளுத்தது. வலிக்கவே இல்லை.

"எப்படிம்மா?"

"உங்களுக்கு வலிக்கும்ல?"

பேராசிரியர் கை கழுவினார். புதுக் கையுறை மாட்டி, உறை பிரித்து வேறு கம்பியை எடுத்தார்.

ரஸ்மியா ஆ காட்டினாள்.

ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு.

ஐந்தாவது பல்லோரம் பொட்டாக ரத்தம் துளிர்த்தது. அவள் அசையவில்லை.

"தெரியும்" என்றாள். "அங்க தேய்ச்சா ரத்தம் வரும். அதான் அந்தப் பக்கம் தேய்க்கிறதே இல்ல. உம்மாகிட்ட சொல்லல, ஏசும்."

"ரத்தம் வர்ற இடத்துலதான்மா மெதுவா, நல்லாத் தேய்க்கணும். சரியாப் போயிடும்."

சொல்லும்போதே, பல் ஆடிப்போய்த் தன்னிடம் வந்த பெரியவர்கள் எல்லோருக்கும் ஒரு காலத்தில் ஏழு வயது இருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"ஆறு!" என்று கத்தினார். மாணவர்கள் கைதட்டினார்கள். ரஸ்மியாவும் சேர்ந்து தட்டினாள். ஜெபசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பேராசிரியர் விண்ணப்பத்தை விரித்தார். "மாணவர்களுக்கு" என்று இருந்த இடத்துக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் "ஆசிரியர்களுக்கும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"வர்ற சனிக்கிழமையே ஆரம்பிச்சிடு. வருகைப் பதிவேட்டுல முதல் பேரு என்னோடதா இருக்கணும்."

"உங்களுக்கு வகுப்பெடுக்க எனக்குக் கொஞ்சம் பயமா இருக்கு சார்."

நாற்காலியிலிருந்து ரஸ்மியா எட்டிப் பார்த்தாள்.

"சனிக்கிழமை எனக்கு லீவுதான்" என்றாள்.