மொட்டைமாடிக் கூடையும் பால்கனி அறையும்

சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கை கழுவிவிட்டு வாருங்கள். இந்தக் கதையில் புறா எச்சம் நிறைய வருகிறது.

கோயம்புத்தூரில் வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்று. துணி உலர்த்த அதற்கு இருப்பது மொட்டைமாடி மட்டும்தான். பக்கத்தில் தானியக் கிடங்கு இருப்பதால், ஊர்ப் புறாக்கள் எல்லாம் அங்கே தின்றுவிட்டு இங்கே வந்து உட்காரும். காலையில் கழுவிவிட்ட தரை மதியத்துக்குள் வெள்ளையும் பச்சையுமாக மெழுகிக் கிடக்கும். மழை தூறினால் அது கூழாகிவிடும். துணி வாளியைக் கீழே வைத்தால் அடியில் அப்பிக்கொள்ளும். கையிலேயே வைத்துக்கொண்டால் கொடியில் துணி போட முடியாது.

இதனால் மிகவும் தவித்தவள் மரகதம். மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் நர்ஸ். ஒருமுறை அவளுடைய வெள்ளைச் சீருடை கைதவறி அந்தக் கூழில் விழுந்தது. எவ்வளவு அலசியும் நாற்றம் போகவில்லை. "இன்னொரு தடவை இப்படி வந்தா, குழந்தைங்க பக்கமே உன்னை விடமாட்டேன்" என்று தலைமை நர்ஸ் எச்சரித்திருந்தார்.

அந்தச் சமயத்தில் விடுதியில் பால்கனி வைத்த ஒரே அறை காலியானது. அதில் இருப்பவர் மாடிக்கே போக வேண்டாம். எல்லோரும் அதைக் கேட்டார்கள். வார்டன் எஸ்தர் அம்மா ஒரு முடிவு சொன்னார்.

"மாடி அழுக்கு துணியில ஒட்டாத மாதிரி ஒரு கூடை யார் செய்றீங்களோ, அவங்களுக்கு அந்த அறை. கொஞ்ச நாள் எல்லாரும் அதை வெச்சுப் பார்க்கணும். குறை தெரிஞ்சா செஞ்சவங்ககிட்டச் சொல்லுங்க, திருத்தட்டும். அப்புறம்தான் சாவி."

பம்ப் கம்பெனியில் வரைபடம் போடும் சபீரா கூடையைச் செய்தாள். லேசான ஒயர் கூடை. அதற்கு அலுமினியக் குழாயில் மடக்குக் கால்கள். விரித்தால் இடுப்பு உயரத்துக்கு நிற்கும். மடக்கினால் கால்கள் மேலே திரும்பி, கூடையின் வாய்மேல் குறுக்காகப் படுத்துக்கொள்ளும். துணி காற்றில் பறக்காது. தினமும் துடைக்கிற கீழ்த்தள வராந்தாவில் அவள் அதை விரித்து மடக்கிக் காட்டினாள். எல்லோரும் கை தட்டினார்கள். முதலில் எடுத்துப்போனவள் மரகதம்.

மடக்கியபோது என்ன ஆகும் என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். எச்சத்தில் நின்ற கால்கள் துவைத்த துணியின்மேல் வந்து படுத்தன.

மறுநாள் மருத்துவமனையில் அவசரமாக உடைமாற்றிய மரகதம் சீருடையின் முதுகுப்பக்கத்தைப் பார்க்கவில்லை. தலைமை நர்ஸ் பார்த்தார். பச்சையாக ஒரு திட்டு. அதில் ஒரு சின்ன இறகு ஒட்டியிருந்தது.

"சீ! இதோடயா குழந்தையைத் தூக்கினே?"

அன்றே அவளைச் சீட்டு எழுதும் இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

மாலையில் அவள் அழுதபடி கூடையை வார்டன் முன்னால் போட்டாள். சபீரா கூடைக் கால்களின் நுனியை முகர்ந்துவிட்டு ஓங்கரித்தாள். அப்போது, கைத்தடியும் சக்கர நாற்காலியும் விற்கும் கடையில் வேலை செய்யும் ஜெசிந்தா முன்னால் வந்தாள். பையிலிருந்து நான்கு ரப்பர் மூடிகளை எடுத்தாள். கைத்தடி நுனியில் மாட்டுபவை.

"மாடிக் கதவுகிட்ட இதைக் கால்ல மாட்டணும். திரும்பும்போது கழட்டி அங்கயே வெச்சிட்டு, அப்புறம்தான் காலை மடக்கணும். நாம செருப்பை வாசல்ல விடறோமில்லீங்க, அதேதான்."

மாடிக்குப் போய் மாட்டிப் பார்த்தார்கள். கால்கள் சுத்தமாக வந்தன.

"அறை எனக்குத்தானுங்களே, அம்மா?" என்றாள் ஜெசிந்தா.

"ஏன்டி, கூடை என்னுது, கால் என்னுது. செருப்பு போட்டுவிட்டதுக்கு அறையா?" என்றாள் சபீரா.

"இந்தக் கூடையால என் வேலையே போச்சு. அறை எனக்குத்தான் வேணும்" என்றாள் மரகதம். பிறகு ஏதோ தோன்றி ஜெசிந்தாவைப் பார்த்தாள். "இந்த மூடியை எப்பக் கொண்டுவந்தே? நீ இப்பத்தானே கடையிலிருந்து வர்றே. இதுக்குள்ள உனக்கு யார் சொன்னது?"

ஜெசிந்தா நகத்தைப் பார்த்தபடி சொன்னாள்.

"நேத்து நீ மாடியில கூடையை மடக்கினப்பவே பார்த்தேன்."

"அழுக்கு என் சட்டை மேல படறதைப் பார்த்தியா?"

"பார்த்தேன்."

"வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன?"

"சொன்னா சபீரா உடனே சரிபண்ணிடுவா. அறை அவளுக்குப் போயிடும்."

சீருடையில் ஒட்டியிருந்த இறகை விடவும் அந்தப் பதில் அருவருப்பாக இருந்தது.

எஸ்தர் அம்மா கையில் ஒரே ஒரு சாவி. கூடையைச் செய்தவள் சபீரா; ஆனால் அது அழுக்கைத் தடுக்கவில்லை. தடுக்க வைத்தவள் ஜெசிந்தா. ஆனால் தெரிந்தே வாய் மூடியிருந்தாள். மரகதம் எதையும் செய்யவில்லை, இழந்தவள் அவள்தான்.

வார்டன் சொன்ன சொல்லின்படி, சாவி யாருக்குச் சேர வேண்டும்?

விடை:

சபீராவுக்கு. குறை தெரிந்தால் செய்தவரிடம் சொல்லித் திருத்தவிட வேண்டும் என்பதும் வார்டன் சொன்ன சொல்லில் சேர்ந்ததுதான். சொல்லியிருந்தால் சபீரா உடனே திருத்தியிருப்பாள். அதற்குச் சாட்சி ஜெசிந்தாவின் வாயே. மறைத்து வைத்த குறையைக் காட்டிப் பரிசு கேட்க முடியாது. மரகதத்தின் இழப்புக்கு அறை ஈடாகாது. அவளுக்கு வேண்டியது அவளுடைய பழைய வேலை. எனவே எஸ்தர் அம்மா சாவியைச் சபீராவிடம் கொடுத்துவிட்டு, ஜெசிந்தாவை மருத்துவமனைக்குப் போகச் சொன்னார். சீருடையில் இருந்தது என்ன, அது எப்படி வந்தது, அதைப் பார்த்தும் சொல்லாதவர் யார் என்று தலைமை நர்ஸிடம் அவளே சொல்ல வேண்டும்.

"அதையெல்லாம் அங்க போய் எப்படிங்கம்மா சொல்றது? அசிங்கமா இருக்கும்" என்றாள் ஜெசிந்தா.

"அசிங்கம்தான்" என்றார் எஸ்தர் அம்மா. "போய்ச் சொல்லிட்டு வா."