நாலு கால் பலகையும் பேச்சை விட்ட பல்லியும்

அந்தக் காலத்தில் ஒரு வீட்டுக்குள் பேச்சு என்றால் அது மனிதர் பேச்சு மட்டும் இல்லை. ஆடு பேசும், பூனை பேசும், கேட்டால் மரமும் இரண்டு வார்த்தை பேசும். எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிற வாய் பல்லிக்குத்தான். சுவரில் உயர இருந்து பார்க்கிறதால் அதற்கு எல்லாம் தெரியும்; தெரிந்ததை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத்தான் தெரியாது. குழம்பில் உப்பு விழுவதற்கு முன்னாலேயே “போதும் மதினி” என்று மேலிருந்து சத்தம் வரும்.

அந்தக் காலத்தில் இன்னொன்றும் உண்டு. மிருகமோ பறவையோ பூச்சியோ, ஒரு வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். வாக்கை மீறினால் பேச்சே போய்விடும். அதனால் பிராணிகள் லேசில் வாக்குக் கொடுக்கமாட்டா.

கரிசல் காட்டு ஊர் ஒன்றில் இருளாண்டி என்று ஓர் ஆட்டுக்காரன் இருந்தான். அவன் பெண்டாட்டி சிலம்பாயி. பிள்ளை குட்டி இல்லை, ஒருவருக்கு ஒருவர்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் கிணற்றுப் படியில் நிறைகுடத்தோடு சறுக்கி விழுந்ததில் சிலம்பாயிக்கு இடுப்பு போயிற்று. தூக்கி நிறுத்தினால் நிற்பாள், சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு எட்டு நடப்பாள். தரையில் உட்கார்ந்துவிட்டால் தானாக எழுந்திருக்க மாட்டாள். இருளாண்டி காலையில் உட்காரவைத்துவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனால், பொழுது சாய அவன் வந்து தூக்குகிற வரைக்கும் அதே இடம்தான். தண்ணீர்ப் பானை மூன்று எட்டில் இருக்கும். நாக்கு வறண்டாலும் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான்.

ஒருநாள் அவள் சொன்னாள். “இங்காருங்க, அன்னைக்கு உரல் மேல உக்கார வச்சீகள்ல, அப்ப எனக்கு எந்திரிக்க வந்துச்சு. தரையோட தரையா உக்காந்தாத்தான் முடியல. முழங்கா ஒசரத்துக்கு என்னமாச்சும் இருந்தா நானே எந்திரிச்சு ஒரு வா தண்ணி குடிச்சுக்குவேன்.”

உரலை நகர்த்த நாலு ஆள் வேண்டும். தச்சரிடம் கேட்கலாம் என்றால், அந்தக் காலத்துத் தச்சர் ஏர் செய்வார், வண்டி செய்வார், கதவு செய்வார். உட்காருவதற்கு ஒரு சாமானா என்று சிரிப்பார்; உட்காரத்தான் தரை இருக்கிறதே! இருளாண்டி தச்சரிடம் ரம்பத்தையும் உளியையும் மட்டும் இரவல் வாங்கிக்கொண்டு வந்தான். எதற்கு என்று சொல்லவில்லை. அரிவாளால் தழை வெட்டியதைத் தவிர மரத்தில் வேறு வேலை செய்து அறியாத கை அது.

ஓடைக்கரைப் பூவரசிடம் கேட்டான். “தெற்குக் கிளைய எடுத்துக்கோ. இந்த வருஷத்துக்கு அதுக்கு மேல கேக்காத” என்றது மரம். “ஒரு கோடை முழுக்க நிழல்ல காயப் போடு.” இருளாண்டி நாற்பது நாள் காயப் போட்டான். அதற்கு மேல் அவனுக்குப் பொறுமை இல்லை. பெண்டாட்டி நாக்கு வறண்டு கிடக்கிறபோது எவனுக்குத்தான் இருக்கும்?

வேலை ஒன்றும் பெரிசில்லை. ஒரு பலகை, அதில் நாலு துளை, துளைக்கு ஒரு கால், கால் நழுவாமல் மேலே ஓர் ஆப்பு. இதைச் செய்யவே அவனுக்குப் பத்து நாள் பிடித்தது. இரண்டு விரல் நசுங்கிற்று. அவன் செதுக்கச் செதுக்க, சுவரிலிருந்து பல்லி விடாமல் பேசிக்கொண்டிருந்தது.

“அண்ணாச்சி, துளை வாய் பெரிசாகுது.”

“அண்ணாச்சி, உளிய அப்படிப் பிடிக்கப்படாது.”

மூன்றாவது காலைச் செதுக்கி முடித்துத் தூக்கிப் பார்த்தபோது, “அண்ணாச்சி, இது காலா, கத்திரிக்காயா?” என்றது.

சிலம்பாயி சிரித்துவிட்டாள். அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. கையிலிருந்த மரத்துண்டைச் சுவரைப் பார்த்து வீசினான்.

“ஏ பல்லி! இனிமே நானாக் கேக்காம நீ ஒரு வார்த்த பேசப்படாது. வாக்குக் கொடு. இல்ல, இப்பவே என் வீட்ட விட்டு எறங்கு.”

பல்லிக்கு முகம் செத்துப்போயிற்று. நல்லது சொல்லப் போய் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டோமே என்று ரோஷம் வந்தது. “சரி அண்ணாச்சி. நீங்களா என்னன்னு கேக்குற வரைக்கும் நான் வாயத் தொறக்கல. வாக்கு” என்று சொல்லிவிட்டு வடக்குச் சுவர் வெடிப்புக்குள் போய்விட்டது.

வீடு திடீரென்று அமைதியாகிவிட்டது. இருளாண்டிக்கு அது சுகமாகவே இருந்தது.

பலகை முடிந்த அன்று காலையில் அதை வடக்குச் சுவர் ஓரமாகப் போட்டான். அங்கே என்றால் சுவரில் கை ஊன்றலாம், பானையும் பக்கம். சிலம்பாயியைத் தூக்கி உட்காரவைத்தான். அவள் இரண்டு கையையும் பலகையில் ஊன்றினாள், ஒரு மூச்சுப் பிடித்தாள், எழுந்துவிட்டாள். சுவரைப் பிடித்து மூன்று எட்டு வைத்துப் பானையிலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தாள். குடித்துவிட்டு அழுதாள். “ரெண்டு வருசம் கழிச்சு என் கையால மொண்ட தண்ணிங்க” என்றாள். இருளாண்டியும் அழுதான், வெட்கப்பட்டுக்கொண்டு வாசல் பக்கம் திரும்பி அழுதான்.

திரும்பி வந்து அவள் உட்கார்ந்தபோது பலகை லேசாக ஆடிற்று. ஒரு நூல் அளவுதான். “இருந்துட்டுப் போகுது, நான் சுவரப் பிடிச்சுக்கிடுதேன்” என்றாள் அவள்.

அவன் கேட்கவில்லை. “ஆடுற பலகையிலயா ஒன்ன உக்கார வைப்பேன்? இரு” என்று ரம்பத்தை எடுத்தான். ஒரு காலில் கொஞ்சம் அறுத்தான். எந்தக் காலை அறுக்கவேண்டும் என்று தெரிந்தால்தானே! ஆட்டம் கூடிற்று. எதிர்க்காலில் அறுத்தான். அப்புறம் மற்ற இரண்டிலும். பொழுது சாய ஒருவழியாக ஆட்டம் நின்றது. நிம்மதியாகத் தூங்கினான். காலையில் பார்த்தால், பலகை மறுபடி ஆடியது.

“பச்ச மரம். காயக் காயக் காலு வளையுது” என்றான். நாற்பது நாளில் எடுத்த குற்றம் அவன் மனதை அரித்துக்கொண்டே இருந்தது. அன்றும் அறுத்தான். மறுநாளும் ஆடியது.

வளைந்தது கால் இல்லை. அது புரட்டாசி மாதம், மழை இன்னும் இறங்கவில்லை. கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்பு ஒன்று வீட்டுக்கு அடியிலும் ஓடியிருந்தது. வடக்குச் சுவரின் அடிமண் நாளுக்கு நாள் உள்வாங்கிக்கொண்டிருந்தது. அதோடு சேர்ந்து ஓரத்துத் தரையும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிற்று. பலகையின் ஒரு கால் நின்றது அந்த இடத்தில். பலகையைத் தூக்கி வாசலில் ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தால் அவனுக்கே விளங்கியிருக்கும். கத்திரிக்காய்க் கால் பலகையை ஊர்க்காரர் கண்ணில் காட்டக் கூச்சப்பட்டுக்கொண்டு, அதை அவன் வீட்டை விட்டு வெளியே எடுக்கவே இல்லை.

இதெல்லாம் பல்லிக்குத் தெரியும். அது குடியிருந்ததே அந்த வெடிப்பில்தான். முதல் இரண்டு நாள் அதற்கு உள்ளுக்குள் சிரிப்பு. நல்லா அறுக்கட்டும் என்று இருந்தது. நாலாம் நாள், தன் உடம்பு மட்டும் நுழைந்த வெடிப்பில் ஒரு கை நுழைகிற அளவு இடம் கண்டபோது சிரிப்பு நின்றது. சொல்லவேண்டும். சொன்னால் பேச்சு போய்விடும். பேச்சைத் தவிர அதனிடம் வேறு என்ன இருந்தது? அவராகக் கேட்கட்டும் என்று காத்திருந்தது. கேட்கவைப்பதற்காக, வார்த்தை இல்லாமல், நாக்கை மட்டும் மேலண்ணத்தில் தட்டி உச்சுக் கொட்டியது.

ரம்பம் ஓடும்போதெல்லாம் சுவரிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. இருளாண்டிக்கு அது கேலியாகத்தான் பட்டது.

“அது என்னமோ சொல்ல வருதுங்க” என்றாள் சிலம்பாயி. “என்னன்னு ஒரு வார்த்த கேளுங்களேன்.”

“வேல முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்” என்றான் அவன்.

கால்கள் குட்டையாகிக்கொண்டே வந்தன. முழங்கால் உயரம் இருந்தது ஒரு சாண் ஆயிற்று. எழுந்திருக்க முதலில் ஒரு மூச்சுப் போதும். பிறகு இரண்டு மூன்று தடவை முயலவேண்டியிருந்தது. கடைசியில் அவள் முயல்வதையே விட்டுவிட்டாள். அவனிடம் சொல்லவில்லை. விரல் நசுங்கி, தூக்கம் கெட்டு, தனக்காகக் குனிந்து கிடக்கிற மனிதனிடம் எதைச் சொல்வது? மனசு கேட்கவில்லை அவளுக்கு.

ஐப்பசி பிறந்த அன்று பலகை ஆடாமல் நின்றது. இருளாண்டி அழுத்திப் பார்த்தான், உலுக்கிப் பார்த்தான். பாறை மாதிரி நின்றது. சந்தோஷத்தோடு அவளை உட்காரவைத்து, “எந்திரி பாப்போம்” என்றான். அவள் கையை ஊன்றினாள். வரவில்லை.

அப்போதுதான் அவன் கண்ணில் உயரம் பட்டது. தன் கையாலேயே அதைத் தின்று தீர்த்துவிட்டான்! முகம் இருண்டுபோய் நின்றவனைப் பார்த்து, “பரவால்லங்க. ஆடாம இருக்கே” என்றாள் சிலம்பாயி.

“பூவரசுகிட்டப் போயி இன்னொரு கிளைக்குக் கால்ல விழுதேன். தை மாசத்துக்குள்ள வேற ஒண்ணு செஞ்சு தாரேன்” என்று சொல்லிவிட்டு ஆட்டை ஓட்டிக்கொண்டு போனான். சுவரிலிருந்து உச்சுச் சத்தம் விடாமல் வந்தது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

நடுப்பகலில் வருஷத்தின் முதல் மழை இறங்கியது. கரிசல் வெடிப்பெல்லாம் தண்ணீரைக் குடித்தது. காட்டில் ஆடுகளை வேப்பமரத்தடியில் ஒதுக்கிவிட்டு, மழை வந்துவிட்டதே என்று இருளாண்டி மகிழ்ந்துபோய் நின்றிருந்தான். ஊரிலிருந்து ஆள் ஓடிவந்து சொன்னதும் ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து ஓடினான்.

வடக்குச் சுவர் உள்பக்கமாகச் சாய்ந்துகிடந்தது. அடியிலிருந்து சிலம்பாயியை எடுத்து வாசலில் கிடத்தியிருந்தார்கள். எதிர்வீட்டு வீராயி தலைமாட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

“ஒங்க வீட்டுப் பல்லிதாண்ணே கத்துச்சு” என்றாள். “மதினி, எந்திரிங்க, சுவரு விழப்போகுதுன்னு மழைச் சத்தத்துக்கு மேல கத்துச்சு. நான் ஓடியாந்தேன். நடுத்தெருவுல நிக்கையில அவ உள்ள இருக்கது தெரிஞ்சுச்சு. ரெண்டு தடவ எந்திரிக்கப் பாத்தாண்ணே. வரல. மூணாந்தடவ கைய ஊனயிலதான்…”

காரியமெல்லாம் முடிந்த பிறகு இருளாண்டி மண்ணைக் கிளறிப் பலகையை எடுத்தான். அதற்கு ஒரு கீறல் கிடையாது. அடுப்பில் வைக்கத்தான் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான். கை ஓய்ந்து, வாசலில் கிடந்த துவைகல் மேல் வைத்தான். சமமான கல் அது. பலகை அதில் நிற்கவில்லை. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆடிற்று. வீட்டுக்குள் பாறை மாதிரி நின்றது, நல்ல கல்லில் ஏன் ஆடவேண்டும்? இடிந்த சுவரின் அடியைப் பார்த்தான். குழிந்துபோயிருந்த தரையைப் பார்த்தான். எல்லாம் விளங்கிற்று. முதல் நாள் அவன் செய்த பலகை சரியாகத்தான் இருந்திருக்கிறது. வீடுதான் விழுந்துகொண்டிருந்தது. அதைத் தினமும் காலையில் பலகை சொல்லியிருக்கிறது. அவன் அதன் காலைத் தினமும் அறுத்திருக்கிறான்.

மிச்சமிருந்த சுவரில் பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது. இருளாண்டி அதன் அருகில் போனான்.

“என்ன சொல்ல வந்த?” என்று கேட்டான். “அத்தன நாளா என்ன சொல்ல வந்த? இப்பக் கேக்கேன். சொல்லு.”

பல்லி வாயைத் திறந்தது. கேட்கும் முன் பேசி வாக்கை மீறிய வாய் அது. ஒரு வார்த்தையும் வரவில்லை. த்ச், த்ச் என்று உச்சுச் சத்தம் மட்டும்தான் வந்தது. அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், அதுவும் உச்சுக் கொட்டிக்கொண்டே இருந்தது.

அப்புறம் அவன் வேறு இடத்தில் ஒரு குடிசை போட்டான். பல்லியும் கூடவே வந்து அதன் சுவரில் ஏறிக்கொண்டது. அவன் துரத்தவில்லை. ஏதாவது வேலையைத் தொடங்கும்போது அது உச்சுக் கொட்டினால், எடுத்ததைக் கீழே வைத்துவிட்டுச் சுவரையும் தரையையும் கூரையையும் நின்று பார்ப்பான். அவனைப் பார்த்து ஊரும் அப்படியே செய்யப் பழகிற்று.

அன்று முதல்தான், பல்லி உச்சுக் கொட்டினால் எடுத்த காரியத்தை நிறுத்திவிட்டு நாம் காது கொடுக்கிறோம். என்னவென்று கேட்க இப்போது வீட்டுக்கு வீடு ஆள் இருக்கிறது. சொல்லத்தான் அதனிடம் சொல் இல்லை.