கம்பைலர் கேட்ட பெயர்

பின்னலாடை இயந்திரங்களுக்கு மூளை செய்கிற கூடம் ஒன்று கோவையில் இருந்தது. உள்ளங்கை அகலத்தில் ஒரு பலகை, அதற்குள் லினக்ஸ் என்ற இயங்குதளம். வேண்டாததையெல்லாம் கழித்துவிட்டு, வேண்டியதை மட்டும் பொட்டலம் பொட்டலமாகக் கட்டிச் சேர்ப்பார்கள். சேர்ந்து வருவதற்கு இமேஜ் என்று பெயர்.

அங்கே தலைமை பூங்கோதை. முப்பத்தாறு வயதுதான், ஆனாலும் எல்லோருக்கும் அவர்தான் குரு. ஜெசிந்தாவுக்கு நாற்பத்துநான்கு. ஒன்பது வருடச் சிஷ்யை. நாச்சியார் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை.

புது இயந்திரத்தின் இமேஜ் பொறுப்பைக் குரு நாச்சியாரிடம் கொடுத்தார்.

ஜெசிந்தாவுக்குக் கிடைத்தது அதில் ஒரே ஒரு பொட்டலம். வெளிக் கம்பெனிக்காரன் விற்ற கம்பைலர். பின்னல் டிசைனை இயந்திரத்துக்குப் புரிகிற மொழியில் மாற்றுவது அதன் வேலை. உள்ளே என்ன எழுதியிருக்கிறான் என்று காட்டமாட்டான். மூடியபடி வந்தது, மூடியபடியே கட்டவேண்டும். அது ஓடாவிட்டால் இயந்திரம் வெறும் இரும்பு.

ஜெசிந்தா கட்டிக் கொடுத்தாள். நாச்சியார் இமேஜில் சேர்த்தாள். பலகையில் ஏற்றி, ஜெசிந்தா கம்பைலரின் பெயரைத் தட்டினாள்.

அப்படி ஒரு கோப்பு இல்லை என்றது திரை.

இன்னொரு முறை தட்டினாள். இல்லை. மூன்றாம் முறை தட்ட அவளுக்குப் பொறுமை இல்லை. நேரே குருவிடம் போனாள்.

“மேடம், என் பொட்டலத்தை அவ தூக்கிப் போட்டுட்டா.”

“எவ?”

“உங்க செல்லப்பிள்ளைதான். வேற யாரு?”

நாச்சியார் பக்கத்து மேசையிலிருந்து எழுந்தாள். “ஐயோ அக்கா, நான் கையே வைக்கலீங்க.”

“நீ பேசாத. மத்தியானம் டப்பா நிறைய அரிசிம்பருப்பு சாதம், சாயங்காலம் ‘குருவே’ன்னு ஒரு இழுப்பு. பதவி தானா நடந்து வருது. எனக்கு அந்தச் சமையலும் வராது, அந்த இழுப்பும் வராது.”

“அந்தச் சாதத்துல பாதி நீங்கதானேங்க்கா சாப்பிட்டீங்க?”

குரு சிரிக்கவில்லை. பலகையின் முன் வந்து உட்கார்ந்து, கம்பைலர் இருக்கவேண்டிய இடத்தைத் திறந்தார்.

“படிங்க அக்கா.”

கம்பைலரின் பெயர், அளவு, ஜெசிந்தா அதைக் கட்டிய தேதி. எல்லாம் இருந்தது.

“இருக்கு” என்றாள் ஜெசிந்தா. நாச்சியார் பக்கம் திரும்பவில்லை. “இருக்கறதை எதுக்கு இல்லைங்குது? கண் முன்னாடி நிக்கறதை இல்லைன்னா என்ன அர்த்தம்? ஒன்பது வருஷமா நான் நிக்கறனே, அந்த மாதிரியா?”

குரு கோப்பின் தலைப்பகுதியைப் படித்துக் காட்டும் கட்டளையைத் தட்டினார். கொத்துக் கொத்தாக எண்கள் வந்தன. நடுவே ஒரு வரியில் விரலை வைத்தார்.

“இது என்னங்க்கா?”

“லோடர் பேரு. கம்பைலரைத் தூக்கி ஓட விடறது அதுதான்.”

“நம்ம இமேஜ்ல லோடர் இருக்கா?”

“இல்லாமயா? அது இல்லாம எதுவுமே ஓடாதே.”

“இந்தப் பேர்லயா?”

ஜெசிந்தா குனிந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள்.

“இல்ல. அவன் வேற லினக்ஸுக்குக் கட்டியிருக்கான். அங்க லோடர் பேரு வேற.”

“அப்ப திரை எதை இல்லைன்னு சொல்லுச்சு?”

“கம்பைலரை இல்ல. அது கேட்ட ஆளை.”

குரு எழுந்து நாற்காலியை விட்டுக் கொடுத்தார். ஜெசிந்தா தன் பொட்டலத்தில் ஒரு வரி சேர்த்தாள். அந்தப் பெயரைக் கேட்டால் நம் லோடரிடம் அனுப்பு என்று அதற்கு அர்த்தம். நாச்சியார் இமேஜை மறுபடி கட்டினாள். கம்பைலர் ஓடியது.

நாச்சியார் கைதட்டினாள். அந்தக் கைதட்டலும் ஜெசிந்தாவுக்கு எரிந்தது. “சந்தேகப்பட்டுட்டேன்” என்று மட்டும், சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

“பரவால்லீங்க்கா” என்று நாச்சியார் டீ வாங்கப் போனாள்.

அவள் படியிறங்கும் சத்தம் ஓய்கிறவரை ஜெசிந்தா காத்திருந்தாள்.

“மேடம், நாச்சியாருக்கு ஏன் குடுத்தீங்க?”

“அவ கேட்டா.”

“கேட்டாளா?”

“வந்த மூணாம் மாசமே. ‘எனக்கு ஒரு முழு இமேஜ் வேணும், தப்புப் பண்ணினா திட்டுங்க’ன்னு வந்து நின்னா.”

“அவளுக்கு வாய் இருக்கு, கேட்டுட்டா. நான் கேக்காமலே உங்களுக்குத் தெரிய வேண்டாமா?”

“மூடி வந்த கம்பைலரே தனக்கு யார் வேணும்னு பேரு எழுதி வச்சிருக்குதுங்க்கா.”

ஜெசிந்தாவின் முகம் சிவந்தது. “சரி. இதோ, இப்பக் கேட்டுட்டேன்ல?”

குரு அவளைப் பார்த்தார்.

“உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லலியே. இப்பவும் அவ பேரைத்தானேங்க்கா சொன்னீங்க.”