மூன்று இலையும் ஒரு கோணலும்

கிட்ட வந்து உட்காருங்க. பின்னால் இருக்கிறவங்களும்தான். இது மெல்லச் சொல்ல வேண்டிய கதை.

முன்னொரு காலத்தில் ஒரு ராஜா இருந்தார். அவருக்கு ஒரே மகள். அந்தப் பிள்ளை காய்ச்சல் கண்டு, மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை.

அரண்மனை வைத்தியர் நல்லுடையாருக்குப் பார்வை மங்கிப்போயிருந்தது. மூலிகைகளை எல்லாம் சித்திரக்காரர் வண்ணமுத்துவை வரையச் சொல்லி வைத்திருந்தார். சேவகர்கள் படத்தைப் பார்த்துப் பறித்து வருவார்கள். வண்ணமுத்துவுக்கு நல்ல கைதான். ஆனால் இலையைக் கையில் எடுத்துப் பார்க்கவே மாட்டார். கோயில் தூணில் வரைகிற மாதிரி, இரண்டு பக்கமும் அளந்து வைத்தாற்போல் வரைந்துவிடுவார்.

ராஜா மகளின் காய்ச்சலுக்கும் அப்படிப் படத்தைப் பார்த்தே ஒரு கூடை இலை பறித்து வந்தார்கள். உரலில் போடும் நேரம், சமையல்கட்டுக்குத் தையல் இலை கொண்டுவந்த நாகாயி அதைப் பார்த்துவிட்டாள்.

"வைத்தியரய்யா, இது காய்ச்சல் இலை இல்லீங்க. இதைத் தின்ன ஆடு பிழைக்காது."

வண்ணமுத்து சிரித்தார். இலை தைக்கிறவள் எனக்குச் சொல்ல வந்துவிட்டாளா என்றார்.

நாகாயி உடனே ஆற்றங்கரைக்கு ஓடினாள். போன ஆடியில் அவள் காய்ச்சலில் கிடந்தபோது, அப்போது பார்வை மங்காதிருந்த வைத்தியர் காலணா வாங்காமல் தானே பறித்து மருந்தாகக் கொடுத்தது எந்த மரத்து இலை என்று அவளுக்குத் தெரியும். மூன்று இலை பறித்துவந்தாள். தரையில் அடுப்புக்கரியால் வரைந்தாள். ஒன்று நீளம். ஒன்று அகலம். ஒன்று பூச்சி அரித்தது.

"மூணும் மூணு தினுசா இருக்கே, எதை நம்புறது?" என்றார் வண்ணமுத்து.

"மாறுறதைத் தள்ளுங்க. மூணுலயும் மாறாதது எதுன்னு பாருங்க."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். மூன்று இலையிலும் காம்புக்கிட்ட ஒரு பக்கம் மேலே ஏறியும், ஒரு பக்கம் கீழே இறங்கியும் கோணலாக இருந்தது. கூடையில் இருந்த இலை ஒன்றில்கூட அந்தக் கோணல் இல்லை.

வைத்தியர் விரலால் தடவிப் பார்த்தார். "தாயே, என் கையால ஒரு உயிர் போக இருந்துச்சு" என்று நாகாயியைக் கும்பிட்டார். அவள் பதறி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் நடமாடுவதே உங்க மருந்தால்தானே ஐயா என்றாள்.

நல்ல இலையை இடித்துக் கொடுத்தார்கள். பொழுது சாயும்முன் பிள்ளை கண் திறந்து கஞ்சி கேட்டது. ராஜாவின் கண்ணில் தண்ணீர் வந்தது. பிறகு நாகாயியிடம், என்ன வேண்டும் கேள் என்றார். சித்திரக்காரரைத் தண்டிக்காமல் என்னோடு அனுப்புங்கள், அது போதும் என்றாள் நாகாயி.

அவரை ஆற்றங்கரை மரத்தடியில் உட்காரவைத்தாள். கோணல் இலை ஒன்றை அவர் இடது கையிலும், கரித்துண்டை வலது கையிலும் வைத்தாள்.

எது மாறும், எது மாறாது என்பது கண்ணால் உற்றுப் பார்க்கிறவருக்கே விளங்கும்.