ஆயினி இலை விரித்த மழை

அந்தக் காலத்தில் மரமும் மழையும் மனிதரோடு பேசும். ஆனால் மரத்துக்கும் மழைக்கும் மட்டும் பேச்சே கிடையாது.

அப்போது மரங்கள் இலையால்தான் சாப்பிட்டன. கடற்காற்று உப்பைக் கொண்டுவரும். சமவெளிக் காற்று மண்தூசியைக் கொண்டுவரும். இரண்டும் இலைமேல் படியும். அதுதான் மரத்துக்குச் சோறு. மழை அதைக் கழுவிக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில், மேகம் கறுத்தாலே மரங்கள் இலைகளைச் சுருட்டிக்கொள்ளும். மழை நேராகத் தரையில் அறைந்து மண்ணை வாரிக்கொண்டு ஓடும். காட்டுக்குள் ஒரு புல்கூட முளைக்காது.

அந்த மலையில் வெள்ளச்சி, கோரன் என்று புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் தேனும் பழமும் எடுத்துப் பிழைத்தார்கள். வெள்ளச்சிக்குக் குழந்தை பிறந்து உடம்பு தேறுவதற்குள் ஆடி மழை பிடித்துக்கொண்டது. ஒரு மதியம் மேட்டு மண் சரிந்து வந்து அவர்கள் குடிசையை இழுத்துக்கொண்டு போனது. குழந்தையை வாரிக்கொண்டு இருவரும் ஓடினார்கள்.

மழை சரளைக்கல் மாதிரி விழுந்தது. வெள்ளச்சி குனிந்து தன் முதுகைக் குடையாக்கிக்கொண்டாள். அப்படியும் குழந்தை நனைந்து விறைத்தது.

கோரன் ஒரு குங்கிலிய மரத்தைக் கெஞ்சினான். "கொஞ்ச நேரம் இலையை விரிச்சுக் கொடு சாமி."

"விரித்தால் என் சோறு போச்சு. வேறிடம் பார்," என்றது குங்கிலியம்.

சற்றுத் தள்ளி ஓர் ஆயினி மரம் நின்றது. வெள்ளச்சி அதனிடம் போனாள். குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். அழுகை நின்று உதடு நீலம் பூத்திருந்தது.

"பிள்ளை ஆணா, பெண்ணா?" என்றது ஆயினி.

"பொண்ணும்மா."

ஆயினி இலைகளை விரித்தது. "ஐயோ, செத்துப்போவாய்! மூடு, மூடு!" என்று பக்கத்து மரங்களெல்லாம் கத்தின.

வேகமாக வந்த மழை இலையில் மோதித் திகைத்து நின்றது. "வானத்தைவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்து என்னை யாரும் தாங்கினதில்லை. கொஞ்சம் உட்காரட்டுமா?"

"உட்காரு. இறங்கும்போது மட்டும் மெதுவாக இறங்கு. கீழே பச்சைப்பிள்ளை இருக்கு," என்றது ஆயினி.

மழை இலைக்கு இலை தங்கி, கிளையைத் தடவி, அடிமரத்தில் வழிந்து இறங்கியது. மரத்தடியில் வெள்ளச்சி குழந்தையை மாரோடு அணைத்துச் சூடேற்றினாள். அவள் உதட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

"உப்புக் கரிக்குதே! அம்மா, உன் சோறெல்லாம் கரைஞ்சு போகுது. மூடிக்கோ!" என்று பதறினாள்.

"பிள்ளை பால் குடிக்குதா?"

"இப்பதான் வாய் வச்சுது."

"அப்போ போகட்டும்."

மழை விட்டபோது ஆயினியின் இலைகளில் ஒன்றும் மிச்சமில்லை. நாளாக ஆக அவை மஞ்சளாகித் தொங்கின. கோரனும் வெள்ளச்சியும் வேறெங்கும் போகவில்லை. உயிர் கொடுத்தவளைத் தனியே விட அவர்களுக்கு மனம் வரவில்லை. உதிர்ந்த இலைகளை ஆயினியின் காலடியிலேயே சேர்த்து வைத்துவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒருநாள் காலையில் வெள்ளச்சி எழுந்து பார்த்தால் மரத்தைச் சுற்றிப் பச்சைப் பாசி படர்ந்திருந்தது. அதன் நடுவே பெரணிக் குருத்து சுருள் அவிழ்த்துக்கொண்டிருந்தது.

"என் காலடியில் என்னவோ ருசிக்குது," என்றது ஆயினி மெல்ல. "வேரால் சாப்பிடலாம் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாமல் போச்சே!"

மழை மெதுவாக இறங்கியதால் உப்பும் தூசியும் அடித்துக்கொண்டு போகாமல் மரத்தடி மண்ணிலேயே ஊறிக் கிடந்தன. ஆயினி குடித்தது. கிளை நுனியில் சிவந்த தளிர் எட்டிப்பார்த்தது. வெள்ளச்சி அடிமரத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அடுத்த மேகம் கறுத்ததும், "வா, வந்து உட்காரு!" என்று ஆயினியே மழையைக் கூப்பிட்டது. அதைப் பார்த்துக் குங்கிலியமும் தயங்கித் தயங்கி ஓர் இலையை விரித்தது. பிறகு காடு முழுவதும் விரிந்தது.

அன்று முதல் காட்டு மரங்கள் மழைக்கு இலை மூடுவதில்லை. வெட்டவெளியில் விழும் மழைக்கு இல்லாத ருசி மரத்தடியில் சொட்டும் மழைக்கு உண்டானதும், அடிமரத்தில் வழியும் தண்ணீர் தேயிலைத் தண்ணீர்போலச் சிவந்ததும் அப்போதுதான். மழை ஓய்ந்து வெயில் வந்த பிறகும் காட்டுக்குள் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருக்கிறதே, அதற்குத்தான் கீழே பாசியும் பெரணியும் சின்னக் கன்றுகளும் இன்றைக்கும் வாய் திறந்து காத்திருக்கின்றன.